கடனுக்குப் போன சேலையும் 45 நாள் சட்டமும்

சங்கரன்கோவிலின் விசைத்தறிச் சேலை பெரும்பாலும் கடனுக்குத்தான் வெளியூர்க் கடைகளுக்குப் போகிறது. நூலுக்கும் கூலிக்கும் பணம் உடனே வேண்டும்; விற்ற சரக்கின் பணமோ தீபாவளி, பொங்கல் எனத் தள்ளிப்போகும். வராத பாக்கியை வசூலிக்கச் சட்டத்தில் வழியில்லை என்ற எண்ணம் சிறு உற்பத்தியாளர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அது சரியல்ல என்பது என் கருத்து.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் வந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் தவணை 45 நாள்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு கூட்டு வட்டி. சரக்கை வாங்கியவர் சூரத்தில் இருந்தாலும், விற்றவர் தன் மாநிலத்திலுள்ள வசதியாக்கல் மன்றத்திலேயே முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல நினைக்கும் வணிகர் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்டியாக வேண்டும். இந்தச் சட்டத்தின் பல் இங்குதான் இருக்கிறது. 90 நாள்களில் முடிய வேண்டிய விசாரணை இழுபடுவது உண்மைதான். உத்யம் பதிவைச் சரக்கு அனுப்பும் முன்பே முடித்திருப்பது நல்லது. பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் எதிர்த்தரப்பு அதையே கேடயமாக்கும்.

காசோலை திரும்பியிருந்தால் வழி இன்னும் நேரடியானது. வங்கித் தகவல் வந்த 30 நாள்களுக்குள் நோட்டீஸ். அது கிடைத்து 15 நாள்களில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். 2015 திருத்தத்துக்குப் பிறகு, கணக்கில் செலுத்திய காசோலைக்கு நம் வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

இரண்டுக்கும் இடமில்லையெனில் உரிமையியல் வழக்குதான். காலவரம்பு மூன்று ஆண்டுகள். அது முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால், மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். வாய்ப்பேச்சு வாக்குறுதிக்கு அந்த வலு இல்லை. திவால் சட்டத்தின் கதவோ, 2020 மார்ச்சில் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டபோதே சிறியவர்களுக்கு மூடிவிட்டது. அதை நியாயமென்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால், தறி உரிமையாளரைத் தடுப்பது சட்ட அறியாமை மட்டுமல்ல; வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சம். அந்த வகையில் வருமான வரிச் சட்டத்தின் விதி ஒன்று வேறுபட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் தராத வணிகர், தரும் ஆண்டு வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. யாரும் புகார் செய்ய வேண்டியதில்லை. வணிகரின் ஆடிட்டரே நெருக்குவார். ஆனால் இதற்கும் பதிவு வேண்டும். மாவட்டத் தொழில் மையம் சங்கரன்கோவிலிலும் புளியங்குடியிலும் தறிக்கூடங்களுக்கே வந்து பதிவு முகாம் நடத்தினால் என்ன?