வெட்டித்தான் ஆகணுமா?

“டேக்கை வெட்டிட்டியா?” புரதப் படிகம் வளர்க்கிற ஆய்வகங்களில் முதல் கேள்வி இதுதான். இல்லைன்னு சொன்னா, குளிக்காமல் கோயிலுக்குள் வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

பாக்டீரியாவிடம் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும்போது, அதன் முனையில் ஆறு ஹிஸ்டிடின்களைத் தொடுத்து அனுப்புகிறோம். நிக்கல் பிசினில் அந்த ஆறும் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவிப் போய்விடும். கரையாமல் அடம்பிடிக்கிற புரதம் என்றால் எம்பிபி என்கிற பெரிய புரதத்தையே முதுகில் ஏற்றுகிறோம். காரியம் முடிந்ததும் வெட்டி எறி என்பது சாஸ்திரம். ஆடுகிற வால் படிகத்தின் ஒழுங்கைக் கெடுக்குமாம். இணைப்பு நீளமாகத் தொளதொளவென்று இருந்தால் கெடுக்கும்தான், மறுக்கவில்லை. அதுக்கு இணைப்பைச் சுருக்கினால் ஆகாதா?

1999-இல் ஆகியிருக்கிறது. எச்டிஎல்வி-1 வைரஸின் ஜிபி21 புரதத்தை எம்பிபியோடு மூன்றே அலனின்களால் இறுக்கிக் கட்டி, அப்படியே படிகமாக்கினார்கள். எம்பிபியின் உருவம் முன்பே தெரியும் என்பதால், எக்ஸ்கதிர்ப் புள்ளிகளிலிருந்து மொத்த உருவத்தை மீட்கவும் அதுவே பிடிமானமானது. 2007-இல் பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பியில் நெளிகிற வளையம் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டி4 லைசோசைமை வைத்தார்கள். படிகத்துக்குள் பக்கத்துப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளக் கை கொடுத்ததே அந்த வேற்றாள்தான். அந்த ஆய்வில் முன்னின்ற பிரையன் கோபில்கா 2012-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கே என்ன நடக்கிறது? வீட்டில் முதல் ஆளாக ஆராய்ச்சிக்கு வந்தவன் நான்; உதவித்தொகைக்குக் கெடு உண்டு. என் புரதம் டேக்கோடு இருந்தவரை தெளிவாகக் கிடந்தது. வெட்டிய அன்றே குழாயில் வெள்ளையாய்த் திரண்டது. நொதியை மாற்றினேன், உப்பை மாற்றினேன், குளிரை மாற்றினேன், ஏழு மாதம் போச்சு. டேக்கோட ஒரு தட்டு போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் சுத்தமா இருக்காதுப்பா” என்றார்கள். ஒரே ஒரு தட்டு. 96 குழி. எல்லாம் சேர்ந்தாலும் சில சொட்டுப் புரதம். அதற்கா இவ்வளவு ஆசாரம்?

புதுக்கோட்டைக்கு வந்திருந்தபோது சித்தன்னவாசல் போனேன். அறிவர் கோயிலில் பாறையிலேயே செதுக்கிய பார்சுவநாதர் உட்கார்ந்திருக்கிறார். முதுகு இன்னமும் மலையோடுதான். பெயர்த்தெடுத்தால்தான் சிலை என்று அந்தச் சிற்பியிடம் எவனும் சொல்லவில்லை போல.

வெட்டவே கூடாது என்பதல்ல என் கட்சி. புரதம் வேலை செய்கிற இடத்தை வால் அடைத்தால் வெட்டுங்க. இல்லாட்டி ரெண்டு தட்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. எது படிகமாகும்னு புரதம் சொல்லட்டும்.

கெடு முடிய இரண்டு மாதம் இருக்கையில், ராத்திரியில் யாரிடமும் சொல்லாமல் டேக்கோடு ஒரு தட்டு போட்டேன். பதினோராம் நாள் டி7 குழியில் ஊசி ஊசியாய் ஏதோ முளைத்திருக்கிறது. உப்பா புரதமா தெரியாது. எக்ஸ்கதிர்க் கருவிக்கு வரிசையில் நிற்கிறேன்.