நகருக்கு ஒரு பத்திரிகை

எமது கலாசாலை மாணவர் சிலர், இச்சென்னை மாநகரின் வாழ்க்கையைப் போற்றித் தமிழிலே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கக் கருதி, அதுபற்றி எமது அபிப்பிராயத்தைக் கேட்டனர். நகரத்தின் வீதிகள், சந்தைகள், சங்கீத சபைகள், சிற்றுண்டிச் சாலைகள், விளையாட்டு மைதானங்கள், பழைய கட்டடங்கள், புத்தகக் கடைகள் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே அவர்களது நோக்கமாம். இதனைச் செவியுற்ற பெரியோர் சிலர் நகைத்தனர். பத்திரிகைகளுக்கு நாட்டிலே பஞ்சமோ? கைப்பேசியைத் திறந்த அளவிலே செய்தியெல்லாம் வந்து குவியும் இக்காலத்தில் அச்சிட்ட தாளைக் காசு கொடுத்து வாங்குவார் யார்? நெரிசலும் புழுதியும் சாக்கடை நாற்றமும் மலிந்த ஊரிலே கொண்டாடுவதற்குத்தான் என்ன இருக்கிறது? இவை அவர்கள் எழுப்பிய வினாக்கள். இவ்வினாக்கள் இகழத்தக்கன அல்ல. ஆயினும் இம்முயற்சி வேண்டத்தக்கதே என்பதும், வெறுங் கொண்டாட்டத்தோடு நின்றுவிடுமாயின் அதனாற் பயனில்லை என்பதும் எமது துணிபு. இரண்டிற்கும் காரணம் கூறுவோம்.

ஊரைப் பாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சி 782 அடிகளை உடையது. அதனுள் மாங்குடி மருதனார், மதுரை மாநகரின் அகன்ற தெருக்களையும், நாளங்காடி அல்லங்காடிகளையும், அங்கே பண்டம் விற்பாரையும், நள்ளிரவிற் கள்வரைத் தேடித் திரியும் ஊர்காவலரையும், விடியலில் நகர் விழித்தெழுவதையும் ஒவ்வொன்றாகக் காட்டுகின்றார். இத்துணைக் கொண்டாட்டம் நிறைந்த நூலுக்கு இடப்பட்ட பெயரோ காஞ்சி என்பது. காஞ்சியாவது நிலையாமையை உணர்த்துவது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, அவன் பெற்ற வெற்றியும் செல்வமும் நில்லாதன என அறிவுறுத்தவே புலவர் அந்நூலைச் செய்தார். நகரைப் புகழ்ந்த வாயினாலேயே நகரை ஆள்வானுக்கு நல்லுரையும் கூறிய அம்முறையினும் சிறந்த இலக்கணம் ஒரு நகரப் பத்திரிகைக்கு இல்லை என்போம்.

நிற்க. நம் காலத்து உதாரணம் ஒன்றையும் நோக்குவோம். 1991-ஆம் ஆண்டில் இந்நகரிலே 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்னும் ஆங்கிலப் பத்திரிகை மாதம் இருமுறையாக வெளிவரத் தொடங்கியது. அதனைத் தோற்றுவித்து நெடுங்காலம் நடத்தியவர் எஸ். முத்தையா (1930–2019). செட்டிநாட்டிலே பிறந்து, இலங்கையிலே பத்திரிகைத் தொழிலிற் பல்லாண்டு பயின்று, அதன்பின் சென்னையிற் குடியேறியவர் அவர். வந்து குடியேறிய ஒருவரே இவ்வூரை இங்கே பிறந்தாரினும் மிகுதியாக நேசித்து அதன் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார் என்பது நினைக்கத்தக்கது. ஊர்ப்பற்றுக்குப் பிறப்புரிமை வேண்டுவதில்லை. கண் திறந்து நடத்தலே போதும். ஒரு தெருவுக்குப் பெயர் வந்த விதம், ஒரு பழைய வாணிகக் கழகத்தின் கதை, கேட்பாரற்றுச் சிதையும் ஒரு மாளிகை என்றிவ்வாறு, நாட்செய்தித் தாள்கள் சிறியனவென்று தள்ளும் விஷயங்களுக்கு அப்பத்திரிகை இடந்தந்தது. 1639-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆந் தேதியை இந்நகரம் பிறந்த நாளாகக் கொண்டு, முத்தையாவும் நண்பர் சிலரும் 2004-இல் தொடங்கிய சென்னை தினக் கொண்டாட்டமும் இத்தகைய பற்றிலிருந்தே கிளைத்தது.

இதனால் விளைந்த பயன் யாது என்று வினவலாம். அறியாத பொருளை எவரும் காவார் என்பதே எமது விடை. 1914-இல் தோன்றிய இராணி மேரி கல்லூரியின் இடத்திலே தலைமைச் செயலகம் கட்ட 2003-ஆம் ஆண்டில் அரசாங்கம் முனைந்தபோது, மாணவியர் அவ்விடத்தை விட்டு நீங்க மறுத்துப் போராடினர். பழைய மாணவியரும் பொதுமக்களும் அவர்க்குத் துணை நின்றனர். முடிவில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இதனை ஒரு பத்திரிகையின் வெற்றி என்று யாம் கூறவில்லை. ஆனால், கடற்கரையை நோக்கி நிற்கும் அக்கட்டடங்கள் வெறுஞ் செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல, தலைமுறை தலைமுறையாகப் பெண்மக்கள் கல்வி பெற்ற இடம் என்று உணர்ந்தார் பலர் இருந்தமையாலேயே அவை இன்றும் நிற்கின்றன. 1900-இல் திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இரயில் நிலையத்தின் பகுதி எழுந்துவிட்டது. பழம்புத்தகம் தேடி அங்கே திரிந்தோர் இன்று முதுமை எய்தியுள்ளனர். அவர் கூறுவனவற்றைக் கேட்டு எழுதிவைப்பார் இல்லையாயின், அக்கட்டடத்தைத் தொடர்ந்து அதன் நினைவும் அழிந்தே போம்.

கட்டடங்களினும் பெரிய விஷயம் நீர்நிலை. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்தே தியாகராய நகரை அமைத்தனர். நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்திலே 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இவற்றை அறியாமலே நாம் தினந்தோறும் அங்கே துணி வாங்கித் திரும்புகின்றோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்திலே வீட்டினுள் நீர் புகுந்தபோதுதான், இவ்வூரில் ஏரி எங்கே இருந்தது, கால்வாய் எவ்வழிச் சென்றது என்று பலரும் கேட்கத் தலைப்பட்டனர். அவ்வினாவை வெள்ளத்திற்கு முன்னரே ஊரார் வாயில் எழச் செய்வது நகரப் பத்திரிகையின் தொண்டாகும். தன் தெரு முன்னாளில் ஏரிக்கரையாக இருந்தது என்றறிந்தவன், எஞ்சியுள்ள ஏரியில் மண் கொட்டப்படுவதைக் கண்டு வாளா இரான்.

இஃதிவ்வாறிருக்க, முன்னோர் செய்ததையே நம் மாணவரும் செய்யின் போதாது. இரு குறைகள் நிரப்பப்பட வேண்டியுள்ளன.

முதலாவது, மொழி. மேற்கூறிய பத்திரிகை ஆங்கிலம் கற்றார்க்கே பயன்படுவது. பூக்கடை வீதியிலே மூட்டை சுமப்பவரும், வண்ணாரப்பேட்டையிலே தறியும் தையலும் கொண்டு பிழைப்பவரும், காசிமேட்டிலே மீன் ஏலங் கூறுபவரும் இந்நகரின் வரலாற்றைத் தம் கைகளாற் செய்தவர் ஆவர். அவர்களைப் பற்றி அவர்கள் படிக்கமாட்டாத மொழியிலே எழுதி வைத்தால் அவர்க்கு அதனால் என்ன பயன்? ஆகவே தமிழிலே தொடங்குவது என்று மாணவர் துணிந்தது மிகவும் பொருத்தமே. ஆயின் அத்தமிழும் வீதியிலுள்ளார்க்கு விளங்குவதாதல் வேண்டும். எம்மைப் போன்றோர் எழுதும் நடையைப் பின்பற்ற வேண்டுவதில்லை.

இரண்டாவது, நகரம் என்பது எது என்னும் கேள்வி. கோட்டையும் கோபுரமும் கடற்கரையும் சபாக்களும் மட்டும் நகரம் ஆகா. 2000-ஆம் ஆண்டு முதலாக, ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் குடிசை கட்டி வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல, நகரின் நடுவிலிருந்து தெற்கே கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்திற்கும் குடிபெயர்க்கப்பட்டன. தொழில் செய்யும் இடம் ஒரு திசையிலும் உறங்கும் இடம் வேறொரு திசையிலுமாக அவர் வாழ்க்கை அமைந்தது. நகர வாழ்க்கையைக் கொண்டாடும் பத்திரிகை, நகரத்தை விட்டு அகற்றப்பட்டாரைப் பற்றி ஒரு சொல்லும் கூறாதாயின், அது பத்திரிகை அன்று. வந்து போகும் யாத்திரிகர்க்கு விற்கும் வழிகாட்டிப் புத்தகமே. கொண்டாடுவோர் யாவர், கொண்டாட்டத்திற்கு அழைக்கப்படாதார் யாவர் என்று ஒவ்வொரு இதழிலும் ஆசிரியர் தம்மையே வினவிக் கொள்வாராக.

பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நியூயார்க்கு நகரத்தின் பெயராலேயே 'நியூ யார்க்கர்' என்னும் வாரப் பத்திரிகையை ஹாரல்டு ராஸ் என்பார் தொடங்கினார். நகைச்சுவையும் நாகரிக நகரின் கேளிக்கையுமே அதன் சரக்கு. முதலாண்டிலேயே அது நின்றுபோகும் நிலையை அடைந்து, ரவுல் பிளைஷ்மன் என்னும் செல்வர் ஈந்த பணத்தினாற் பிழைத்தது. நகைச்சுவைக்கெனப் பிறந்த அப்பத்திரிகையே 1946-இல் ஹிரோஷிமா நகரம் அணுகுண்டால் அழிந்த வரலாற்றுக்கு ஓர் இதழ் முழுவதையும் ஒதுக்கிற்று. தன் நகரத்தைக் கூர்ந்து நோக்கப் பழகிய கண், அயலார் நகரம் எரிந்தபோதும் மூடிக்கொள்ளவில்லை. இதிலிருந்து மாணவர் இரண்டு அறியலாம். இலகுவாகத் தொடங்குவது இழுக்கன்று என்பது ஒன்று. பணமின்றிப் பற்று மட்டும் பத்திரிகையைத் தாங்காது என்பது மற்றொன்று. 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' நீடித்ததும் நகரத்துத் தொழில் நிறுவனங்கள் சிலவற்றின் ஆதரவினாலேயே. ஆகையால் விளம்பரம் வாங்குவதில் வெட்கம் வேண்டா. ஆனால், கடைக்காரர் தரும் விளம்பரத்தைப் பெற்றுக்கொண்டு, அவர் கடை நடைபாதையை அடைத்து நிற்பதைக் காணாதவர்போல் இருப்பதற்கு வெட்கப்படுதல் வேண்டும். அந்நாளே அப்பத்திரிகையின் இறுதி நாள். சந்தாதாரர் தொகை பெருகினும் இறுதி நாளே.

கைப்பேசி இருக்கத் தாள் எதற்கு என்ற வினா எஞ்சியுள்ளது. கைப்பேசியில் வருவது உலகெங்குமுள்ள செய்தி. வந்த வேகத்திலேயே அது மறைகின்றது. நம் தெருமுனையிலுள்ள கிணற்றின் கதையை அதில் ஒருவர் ஏற்றினாலன்றி அது வாராது. ஏற்றுவார் யார்? நடந்து சென்று, முதியோரிடம் அமர்ந்து கேட்டு, கேட்டதை ஆவணங்களோடு ஒப்பிட்டு எழுதுவார் வேண்டும். அவர் எழுதியது தாளில் வரினும் திரையில் வரினும் எமக்கு ஒன்றே. உழைப்பே வேண்டுவது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு யாம் கூறுவது இது. தொடங்குக. முதல் இதழிலே இந்நகரத்தைப் புகழ்க. அப்புகழ் பொய்யாகாதபடி இரண்டாம் இதழிலே அதன் குறைகளையும் கூறுக. தவறு நேரின் அடுத்த இதழிலே திருத்துக. அச்சாகும் முதற் பிரதியை, அதிலே எழுதப்பட்ட தெருவில் வாழும் ஒருவர் கையிற் கொடுத்துப் படிக்கச் செய்க. அவர் படித்துவிட்டு, "இது எங்கள் தெருதான்" என்பாராயின் உங்கள் முயற்சி வென்றது. ஆண்டுச் சந்தா செலுத்த எமது பெயரை இன்றே எழுதிக்கொள்க.