முந்திரிக்காட்டுக்கு ஓர் ஆற்றுப்படை

வெளியூரிலிருந்து நெய்வேலிக்கு வரும் நண்பர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் பக்கத்தில் எதைச் சாப்பிட வேண்டும்?" கேட்பவர் சிதம்பரம் கோயிலைப் பார்த்திருப்பார், பிச்சாவரத்தில் படகேறியிருப்பார், சுரங்கத்தின் விளிம்பில் நின்று மண்ணை வாரும் ராட்சத இயந்திரத்தை வியந்திருப்பார். நாம் சற்று விழித்துவிட்டு, "பண்ருட்டிப் பலாப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள், முந்திரிப்பருப்பும் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்" என்போம். பிறகு அவரை அழைத்துப்போய்ப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுப்போம்.

பரோட்டாவின் மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. ஆனால் பலாப்பழமும் முந்திரிப்பருப்பும் விளைபொருள்கள்; சமைத்த பண்டங்கள் அல்ல. நாடெங்கும் பாயசத்தில் மிதக்கிற முந்திரி எந்த மண்ணில் விளைகிறதோ அந்த மண்ணில், ஒரு வழிப்போக்கன் இலை போட்டு உட்கார்ந்து முந்திரியையோ பலாவையோ கறியாக, குழம்பாக உண்பதற்கு நான் தேடியவரை ஒரு கடை கண்ணில் படவில்லை. இது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பது என் கட்சி.

வழிப்போக்கனுக்கு உணவு சொல்வது தமிழுக்குப் புதிதா என்ன? பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். நல்லூர் நத்தத்தனார் தம் சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனை நாடிப் போகும் பாணனுக்கு வழியை மட்டுமா சொல்கிறார்? எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கிடைக்கும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு கிடைக்கும் என்று ஊர்வாரியாக இலை போடுகிறார். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் கொள்வதுண்டு; நமக்கு எட்டுகிற தூரம்தான். மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. செங்கண்மாவில் இருந்த நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு மலையில் வாழ்பவர்கள் அளிக்கும் விருந்தில், அருவி அடித்துக்கொண்டு வந்த பலாக்கொட்டையும் புளியும் மோரும் மூங்கிலரிசிச் சோறும் இருக்கின்றன.

பலாக்கொட்டை! அதை விருந்தாளிக்குப் படைப்பது கௌரவக் குறைவு என்று நன்னன் நாட்டு மக்கள் நினைக்கவில்லை. நாம் நினைக்கிறோம்.

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களைத் தாண்டி வடக்கே போனால் முத்தாண்டிக்குப்பம். அங்கிருந்து பண்ருட்டி வரைக்கும் செம்மண். அதன் மேல் முந்திரி, நடுநடுவே பலா. முந்திரி இந்த மண்ணின் பிள்ளை அல்ல. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். ஆனாலும் வந்தேறி என்று சொல்ல வாய் வராத அளவுக்கு மொழிக்குள்ளும் வேர் விட்டுவிட்டது. பழத்துக்கு வெளியே கொட்டை தலையை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தானே, எதற்கும் முந்திக்கொண்டு பேசுபவனை 'முந்திரிக்கொட்டை' என்கிறோம்? (குமரி மாவட்டத்து முந்திரிக்கொத்தில் முந்திரியே கிடையாது, பாசிப்பயறுதான் என்பது தனிக்கதை. பெயர் அங்கே போய்விட்டது, பருப்பு இங்கே இருக்கிறது.)

இந்த ஊர்களின் வீடுகளில் உண்ணக் கிடைக்கிற சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவது பச்சை முந்திரி. கொட்டை முற்றிக் காய்வதற்கு முன்னரே பறித்து, கீறி, உள்ளேயிருக்கும் இளம் பருப்பை எடுப்பார்கள். தோட்டிலிருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் கைக்குச் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டுதான் இறங்க வேண்டும். வெந்நீரில் போட்டால் மேல்தோல் கழன்று வரும். பால்நிறத்துப் பருப்பு. அதை முருங்கைக்கீரையோடு பொரியலாகச் செய்யலாம், கோழிக்குழம்பில் போடலாம், வெறும் வெங்காயம் தக்காளியோடு வதக்கித் தேங்காய் அரைத்து விடலாம். காய்ந்த பருப்பை ஊறவைத்துச் செய்தால் இந்தச் சுவை வராது. இது கடலைக்கும் இளந்தேங்காய்க்கும் நடுவிலே எங்கோ நிற்கிற சுவை. இதே இளம் முந்திரியைக் கொங்கணக் கடற்கரையில் 'உசள்' என்று செய்கிறார்கள். மால்வண் பக்கம் போகிற சுற்றுலாக்காரர்கள் அதற்கென்றே பருவம் பார்த்துப் போகிறார்கள். நம் பக்கத்திலோ முந்திரிக்காட்டில் வேலை செய்பவர்களின் அடுப்போடு அது முடிந்துபோகிறது.

இரண்டாவது, பலாக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பு. பழக்காலம் முடிந்த பின்னும் கெடாதிருக்க, கொட்டைகளைச் செம்மண்ணில் புரட்டிக் காயவைத்துச் சேமிப்பார்கள். மழைக்காலத்தில் காட்டு வேலையும் இராது, காய்கறியும் விலையேறிக் கிடக்கும். அப்போது மண்ணிலிருந்து அதை எடுத்துக் கழுவி, தட்டி, வெள்ளைத் தோலை உரித்து, முருங்கைக்காயும் கத்தரிக்காயும் நெத்திலிக் கருவாடும் சேர்த்துப் புளி கரைத்துவிடுவார்கள். கருவாடு கடலூர் முதுநகரிலிருந்து வரும். கைச்சுருக்கமான நாளில் சென்னாக்குன்னி போதும். மாவுப்பதமான கொட்டை புளியையும் உப்பையும் இழுத்துக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பைச் சுண்டக் காய்ச்சித் தொட்டுக்கொள்வதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறெங்கோ போய்விடும்.

பலாப்பிஞ்சு வறுவலும் கேழ்வரகுக் கூழும் எல்லோரும் அறிந்தவை. முந்திரிப்பழம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கொண்ட இந்தப் பழம் பறித்த ஒரு நாளுக்குள் அழுகத் தொடங்கும். ஆகவே கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுகிறோம். கோவாவில் அதே பழத்தை ஃபெனியாக வடித்து, 2009-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். சாராயம் காய்ச்சச் சொல்லவில்லை. உப்பு தொட்டு நறுக்கிக் கொடுக்கக்கூடவா நமக்கு மனம் வரவில்லை?

ஏன் இவை கடைக்கு வரவில்லை? உணவகக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "வீட்டில் திங்கிறதை எவன் சார் காசு கொடுத்துத் திம்பான்?" என்றார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல் இருக்கிறது. அவர் நாகரிகம் கருதி அதைச் சொல்லவில்லை. இது ஏழைச் சாப்பாடு. முழுப்பருப்பு விற்பனைக்கு, உடைசல் வீட்டுக்கு, பழம் மாட்டுக்கு என்பதே இந்தக் காட்டின் பங்கீடு. வியாபாரத்தில் 320 என்று ஒரு தரம் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும். அவ்வளவு பருப்பையும் உடையாமல் எடுத்துத் தருகிற பெண்களின் விரல்கள் தோட்டு எண்ணெயில் கறுத்திருக்கும். அவர்கள் சமையலறையில் என்ன செய்து சாப்பிடுகிறார்கள் என்பது எந்த விளம்பரப் பலகையிலும் இல்லை.

ஏழைச் சாப்பாடு ஊரின் பெருமையாகாது என்பவர்கள் சற்று ஜப்பான் பக்கம் பார்க்கலாம். அங்கே ஒவ்வோர் ஊருக்கும் ஒரு 'மெய்புத்ஸு' உண்டு. அந்த ஊருக்குப் போனால் இதை உண்ணாமல் திரும்பக்கூடாது என்கிற பண்டம். ஒசாகா என்றால் தக்கோயாக்கி, ஹிரோஷிமா என்றால் சிப்பியும் ஓகோனோமியாக்கியும். பெருநகரங்களை விடுங்கள்; ஃபூஜி மலையடிவாரத்தில் ஃபூஜினோமியா என்று ஒரு சிறு நகரம். போருக்குப் பிந்தைய பற்றாக்குறைக் காலத்தில் மலிவாக வயிறு நிரப்பிய ஒரு வறுத்த நூடுல்ஸ் அவ்வூரில் உண்டு. பன்றிக் கொழுப்பை உருக்கியபின் மிஞ்சும் சக்கையும் மத்தி மீன் தூளும் போட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டி ஊர்க்காரர்கள் சிலர் கூடி, இது எங்கள் ஊர்ப் பண்டம் என்று உரக்கச் சொல்லத் தொடங்கினார்கள். 2006-இல் ஹாச்சினோஹே நகரில், மலிவான உள்ளூர் உணவுகளுக்கென்றே 'பி-1 கிராண்ட் ப்ரீ' என்ற போட்டி முதன்முறையாக நடந்தபோது அந்த நூடுல்ஸ்தான் முதற்பரிசு வாங்கியது. சக்கையும் மீன்தூளும் மாறவில்லை, ஊர்க்காரர்களின் வாய்தான் மாறியது.

அவ்வளவு தூரம் போவானேன்! சிதம்பரத்தில் கத்தரிக்காய்க் கொத்சு இருக்கிறது. கோயில் பிரசாதமான சம்பா சாதத்தோடு அது சேர்ந்ததனால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது, ஊர்ப்பெயர் ஒட்டியதனால் கடைக்கு வந்தது, கடைக்கு வந்ததனால் பிழைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும் மணப்பாறை முறுக்கு 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன, இரண்டும் பண்டங்கள். பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் 2025-இல் கிடைத்தது. மகிழ்ச்சிதான், ஆனால் இங்கேயும் பெயர் வாங்கியது சரக்கு.

அவசரம் ஏதும் உண்டா என்று கேட்கலாம். உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய சில மணி நேரத்தில், தலைமுறை கண்ட பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அதன் பிறகு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டுரகங்கள் நடப்பட்டன, காடு ஓரளவு திரும்ப வந்திருக்கிறது. ஆனால் மரம் காய்ப்பதற்காகக் காத்திருந்த ஆண்டுகளில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். ஒட்டுக்கன்று கொடுக்க ஒரு நிலையம் இருக்கிறது. பச்சை முந்திரியைக் கை வேகாமல் கீறுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க எங்கள் தெரு ஆயாவைப் போன்ற சிலர்தான் மிச்சம்.

ஒரு மறுப்பு வரும். கடைக்கு வந்தால் கெட்டுவிடாதா? 'செட்டிநாடு' என்ற பெயரில் நெடுஞ்சாலையெங்கும் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுவதைப் பார்த்த பிறகு இந்தப் பயம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. அதனால்தான் பெரிய உணவகங்களிடம் நான் இதைக் கேட்கவில்லை. முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்களில், சாலையோரம், முந்திரிக் கம்பெனியில் வேலை செய்கிற பெண்களே நாலைந்து பேராகச் சேர்ந்து, பருவத்தில் மூன்று மாதம் மட்டும் நடத்துகிற கீற்றுக் கொட்டகை போதும். பலகையில் இரண்டே இரண்டு பண்டம் எழுதியிருக்க வேண்டும். கூழ் விற்கிற தள்ளுவண்டி ஏற்கெனவே நிற்கிறது. அதன் பக்கத்திலேயே போடலாம். ஆள் வருமா என்ற சந்தேகம் வேண்டாம். பக்கத்து வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாப்பாட்டுக்காக இந்தச் சாலையில் ஜனங்கள் நடப்பது நேற்றுத் தொடங்கியதல்ல.

அதுவரைக்கும் வெளியூர் அன்பர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ வாருங்கள். பச்சை முந்திரி அப்போதுதான். சித்திரை தாண்டினால் பலா. நகரியத்துக்குள் தேடாதீர்கள், வடக்கே செம்மண் சாலையில் இறங்கி, கொட்டை காயவைத்திருக்கும் ஏதாவதொரு வாசலில் நின்று, "என்ன குழம்பு?" என்று கேளுங்கள். கேட்டவரைப் பசியோடு அனுப்பும் பழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை. வெள்ளைச் சட்டையை மட்டும் தவிருங்கள். முந்திரிப்பழச் சாறு பட்டால் எந்தச் சோப்புக்கும் அந்தக் கறை போகாது.