கடைசி வாங்கில் இருக்கும் அம்மா



பெற்றார் கூட்டத்துக்கு வரும்படி பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? ஒருநாள் கூலி போய்விடுமே என்று சிலர் போவதில்லை. போகிறவர்களும் கடைசி வாங்கில் இருந்து, கையொப்பம் வைத்துவிட்டு வருகிறோம். “ரீச்சருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியப்போகுது?” என்று போன வருடம் ஒரு தாய் என்னிடம் கேட்டார். கணவர் இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்ப்பவர். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாம் உலகப் போர் 1918இல் முடிந்தது. இன்னொரு போர் வரக்கூடாது என்று நாடுகளின் சங்கம் ஏற்படுத்தப்பட்டு, சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் இயங்கியது. இன்றைய ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடி அதுதான். அங்கும் சர்வதேசத் தொழில் அமைப்பிலும் வேலைக்கு வந்தவர்கள் பல நாட்டவர், பல மொழியினர். பிள்ளைகளை எங்கே படிக்கவிடுவது? யாராவது செய்து தருவார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சில கல்வியாளர்களையும் சேர்த்துக்கொண்டு 1924இல் தாங்களே ஒரு பாடசாலையைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் 8 பிள்ளைகள்தான். முன்னின்றவர்களில் லுட்விக் ராஜ்மன் என்ற போலந்து நாட்டு வைத்தியரும் ஒருவர். எங்கள் முகாம்களில் நீல எழுத்தில் பெயரைக் கண்டோமே யுனிசெவ், அது 1946இல் உருவாகப் பாடுபட்டவரும் இவரே.

அந்த ஜெனீவா சர்வதேசப் பாடசாலையை 1929 முதல் 1949 வரை நடத்தியவர் ஒரு பெண், மரி தெரேஸ் மோரெற். இரண்டாவது உலகப் போரும் அந்தக் காலத்திலேதான் வந்து போனது. 1947இல் நியூயோர்க்கிலும் ஐக்கிய நாடுகள் சபையில் வேலைசெய்த பெற்றார் இதேபோல் ஒரு பாடசாலையை ஆரம்பித்தார்கள்.

இப்படியான பாடசாலைகளில் தாய்மாருக்கு நிறைய வேலை உண்டு. புதிதாக வந்த குடும்பத்துக்குக் கடை, வைத்தியசாலை காட்டுவது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, வருடத்தில் ஒருநாள் தத்தம் நாட்டுச் சமையலைக் கொண்டுவந்து மேசையில் வைப்பது. ஊர் விட்டு வந்த பெண்ணுக்கு முதல் சிநேகிதி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறாள்.

“அவை சம்பளத்தோட போனவை, நாங்கள் பையோட ஓடினனாங்கள்” என்றார் அந்தத் தாய். உண்மைதான். அந்தப் பாடசாலைகளின் கட்டணமும் எங்களுக்கு எட்டாதது. கொழும்பில் உள்ள சர்வதேசப் பாடசாலைகளோ பெரும்பாலும் கம்பனிகளாகப் பதியப்பட்டவை. ஆனால் எங்கள் அரசாங்கப் பாடசாலையில் அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. பிள்ளை அங்கே படித்தால் தாய் அதில் விருந்தாளி அல்ல, அங்கத்தவர். கணக்கு வாசிக்கும்போது கேள்வி கேட்கலாம். செயற்குழுவுக்கும் தெரிவாகலாம்.

அடுத்த கூட்டத்தில் அவர் மூன்றாவது வாங்கில் இருந்தாராம். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கொண்டி இல்லை, பெரிய பிள்ளைகள் பின்னேரம் வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்று எழுந்து சொல்லியிருக்கிறார். கை நடுங்கியதாம். அதிபர் குறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் ஒரு கதவுக்குக் கொண்டி போட்டாயிற்று. மற்றக் கதவைப் பற்றி இந்தத் தவணைக் கூட்டத்தில் கேட்க இருக்கிறார்.