பசித்தவனுக்கு மனம் கிடையாதா?

சோற்றுக்கு வழியில்லாத ஒருவன் கதையில் தன் கௌரவத்தைப் பற்றி யோசித்தால், நம்பும்படியாக இல்லை என்று சொல்ல நம்மிடையே விமர்சகர்கள் இருக்கிறார்கள். கேட்டால் மாஸ்லோ என்கிறார்கள். முதலில் வயிறு, பிறகு பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் சுயநிறைவு. படி தவறி யாரும் ஏறக்கூடாது.

இந்தப் பிரமிடை நான் முதலில் பார்த்தது இலக்கியக் கூட்டத்தில் அல்ல, வங்கிப் பயிற்சி வகுப்பில். அதன் சொந்த இடமும் அதுதான். 1943-ல் மாஸ்லோ எழுதிய கட்டுரையில் பிரமிட் கிடையாது. பின்னால் அதை வரைந்தவர்கள் நிர்வாகத் துறைக்காரர்கள். ஊழியனிடம் வேலை வாங்க அவர்களுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வரிசை அவ்வளவு இறுக்கமானதல்ல என்று மாஸ்லோவே அக்கட்டுரையில் சொல்கிறார். சராசரி மனிதனுக்கு உடல் தேவை 85 சதவீதம், சுயநிறைவு 10 சதவீதம் பூர்த்தியாவதாகக் கணக்கிடும்போது, இவை விளக்கத்துக்காகத் தாமே போட்ட எண்கள் என்று ஒப்புக்கொள்கிறார். நம்மவர்களுக்கு இந்தக் கூச்சம்கூட இல்லை.

பசி மனதைக் குறுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸெல் கீஸ் 36 பேரை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் சமையல் புத்தகங்களைப் புரட்டினார்கள். மற்றவற்றில் நாட்டம் குன்றியது. மாஸ்லோவுக்கு இது சாட்சிதான். ஆனால் அந்த 36 பேர் யார்? போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள். போரால் பட்டினியில் கிடப்பவர்களை மீட்கும் வழி தெரியவேண்டும் என்பதற்காகத் தாமாகவே பட்டினிக்கு வந்தவர்கள். 1929-ல் லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாமலிருந்து உயிர்விட்டார். அவர் நின்றது எந்தப் படியில்?

மாஸ்லோவிடம் இதற்கும் பதில் உண்டு. இளமையில் தேவைகள் நிறைவேறியவர்களுக்குப் பின்னால் இழப்பைத் தாங்கும் பலம் வருகிறதாம். ஆக, மனிதன் வயிற்றுக்குப் பணிந்தாலும் தியரி சரி, பணியாவிட்டாலும் சரி. எப்படி உருட்டினாலும் தாயம் விழுகிற கட்டை இது.

நமக்கு இதனால் வரும் கேடு வேறு. ஏழையின் மனதை எழுத வேண்டியதில்லை என்ற சலுகை எழுத்தாளனுக்குக் கிடைத்துவிடுகிறது. அவனை வெறும் வயிறாகக் காட்டிவிட்டு அதை யதார்த்தம் என்கிறோம். தயக்கம், ரசனை, குற்ற உணர்வு எல்லாவற்றையும் மாதச் சம்பளப் பாத்திரங்களுக்கு, அதாவது நமக்கே, ஒதுக்கி வைத்துக்கொள்கிறோம்.

கதை பொய்யாக இருந்தால் பொய் என்று சொல்லுங்கள். அதற்கான காரணம் கதையின் வாக்கியங்களில் இருக்கும், பிரமிடில் இருக்காது.