காய்ந்துபோனதெல்லாம் நீங்கிப்போனதல்ல



பள்ளுருத்தியிலும் தோப்பும்படியிலும் பிழைப்பை நாடி வந்து குடியேறிய நம்முடைய குடும்பங்களில் அநேகருக்குக் கார் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. அது வருமானத்திற்கான கருவி. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற அதே வண்டியில்தான், மத்தியானம் துப்புரவு வேலைக்கான ஆசிட் கேன்களும், மாலையில் வீட்டு இன்வெர்ட்டருக்கான பேட்டரியும் ஏற்றப்படுகின்றன. மாதத் தவணை முடியாத வண்டியாகவும் அது இருக்கக்கூடும்.

ஒருநாள் வளைவில் கேன் சாய்கிறது. மூடி கழன்று திரவம் தரைவிரிப்பில் கொட்டுகிறது. பழைய துணியால் துடைத்து, கதவுகளைத் திறந்து வெயிலில் நிறுத்துகிறோம். வாடை போய்விடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். இரண்டு மாதங்களுக்குப் பின்பு கண்ணாடி இறங்க மறுக்கிறது. ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் பேட்டரியில் உயிரில்லை. அன்று கொட்டியதற்கும் இன்று கெட்டதற்கும் உள்ள சம்பந்தம் நம் நினைவுக்கு வருவதில்லை. இந்த மாதம் நாம் சிந்திக்க வேண்டிய காரியம் இதுவே.

தரைவிரிப்பின் கீழே நடப்பது என்ன?

காரின் வயர்கள் பெரும்பாலும் தரைவிரிப்பின் கீழே, கதவுப்படியின் ஓரமாகவும் இருக்கைகளின் அடியிலும் ஓடுகின்றன. அங்கேதான் கனெக்டர்களும், வண்டியின் உடம்போடு முறுக்கப்பட்ட எர்த் இணைப்புகளும் உள்ளன. விரிப்பின் அடியிலுள்ள பஞ்சுப் படலமோ கொட்டிய திரவத்தைப் பல நாட்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்திருக்கும், கீழே ஈரம் தங்கியிருக்கும்.

அங்கே மூன்று விதங்களில் சேதம் உண்டாகிறது. முதலாவது, பேட்டரியிலுள்ள கந்தக அமிலமும் கழிப்பறை சுத்திகரிப்பானில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உலோகத்தை அரிக்கின்றன. கனெக்டரில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பது அதன் அடையாளம். இரண்டாவது, மெல்லிய செம்புக் கம்பிகளின் இடுக்கு வழியாகத் திரவம் வயருக்குள்ளேயே ஏறிச் செல்கிறது. வெளியுறை புதிதுபோல் இருக்க, உள்ளே செம்பு கறுத்துப்போகிறது. மூன்றாவது, இரண்டு முனைகளுக்கு நடுவே படிந்த உப்பு ஒரு பாலமாகி மின்சாரத்தைக் கசியவிடுகிறது. மின்சாரம் கசிகிற இடத்தில் அரிப்பு பன்மடங்கு விரைவாகும். ஆகையால்தான் துடைப்பதற்கு முன்னரே பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்று சொல்லுகிறோம்.

கொச்சியின் காற்றும் இதற்குத் துணைநிற்கிறது. பிளீச்சிங் திரவம் காய்ந்தபின் விட்டுச்செல்வதில் பெரும்பகுதி உப்புத்தான். அந்த உப்பு மழைக்காலக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மறுபடியும் மின்சாரத்தைக் கடத்தும். இதனால் விடியற்காலையில் கோளாறு காட்டுகிற வண்டி, உச்சிவெயிலில் நின்றபின் ஒழுங்காக ஓடும். மெக்கானிக் பார்க்கும்போது ஒன்றுமே தெரியாது. வேலியேற்றத்தில் காயல் நீர் தெருவுக்குள் வருகிற பள்ளுருத்தி, இடக்கொச்சி, கும்பளங்கிப் பகுதிகளில் நிறுத்தப்படுகிற வண்டிகளுக்கும், மீன்பெட்டியின் உப்புநீர் சிந்திய வண்டிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

கொட்டியவுடன் செய்ய வேண்டியவை

முதலில் மனிதர், பிறகு வண்டி. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, பிள்ளைகளை இறக்கி, கதவுகளைத் திறந்துவிடுங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டிருந்தால் ஏராளமான தண்ணீரால் வெகுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

கொட்டியது பெட்ரோலோ தின்னரோ ஆனால், எந்த சுவிட்சையும் தொடாமல் விலகி நில்லுங்கள். ஆவி முழுவதும் கலைந்த பின்பே பேட்டரியில் கை வையுங்கள்; சிறு பொறியும் தீயாகிவிடும். மற்றத் திரவங்களானால், ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலாவது கழற்றுங்கள்.

அமிலமானால் அதன்மேல் சமையல் சோடாவைத் தூவுங்கள், நுரைக்கும். மேலும் தூவியும் நுரை எழாதபோது அமிலம் அடங்கிற்று என்று அறியலாம். பிளீச்சிங் திரவமானால் வெறும் தண்ணீர் போதும். இங்கே மிகவும் ஜாக்கிரதையாயிருங்கள்: பிளீச்சிங் திரவத்தின்மேல் கழிப்பறை ஆசிட்டையோ வினிகரையோ ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜிய நாட்டின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்களைக் கொல்லும்படி திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். இவ்விரண்டு கேன்களையும் ஒரே வண்டியில் அருகருகே வைத்துக் கொண்டுபோவதும் கூடாது.

பிறகு விரிப்பையும் அடிப்பஞ்சையும் வெளியே எடுத்துத் தனியாக அலச வேண்டும்; வண்டிக்குள் குழாயைத் திறந்துவிடக் கூடாது. உள்ளே ஈரத்துணியால் பலமுறை துடைத்து, கனெக்டர்களைக் காய்ச்சி வடித்த நீராலும் பின்பு கான்டாக்ட் கிளீனராலும் சுத்தம்செய்து, முற்றிலும் உலர்ந்த பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். இருக்கையைக் கழற்றும் வேலையை அறிந்தவரிடம் விடுங்கள். அதன் அடியில் காணப்படும் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பொதுவாக ஏர்பேக்கிற்கும் சீட்பெல்ட்டிற்கும் உரியவை. அவற்றைச் சாதாரண மீட்டரால் சோதிப்பது ஆபத்து. ரசாயனத்தில் நனைந்த சீட்பெல்ட்டைக் கழுவிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுவதே நலம்.

பழுது பிந்தி வந்தால்

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, வண்டி நிற்கும்போது எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்பது. எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிச் சற்று நேரம் ஆனபின், அது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் கசிந்தால் ஒருநாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். 35 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய காரின் பேட்டரி மூன்றே நாளில் வெறுமையாகும். மற்றொன்று, விளக்கு முதலியவை எரியும்போது எர்த் இணைப்புக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவே வோல்டேஜ் பார்ப்பது. 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு அரித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அரித்த வயரைப் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிப் புதிய துண்டு சேர்க்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது சில மாதங்களுக்குத்தான். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸைப் போடுவதும் கம்பி சுற்றுவதும் தீயை வீட்டு வாசலில் நிறுத்திவைப்பதற்குச் சமம். காரணம் அறியாமல் புதுப் பேட்டரி வாங்குவதும் வீண்செலவு.

மறைக்காமல் சொல்லுங்கள்

அருமையானவர்களே, எலக்ட்ரீஷியனிடம் போகும்போது என்ன கொட்டியது, எப்போது, எந்தப் பக்கம் என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல நாள் தேடலையும் பல ஆயிரம் ரூபாயையும் மிச்சப்படுத்தும். வண்டியை ஓட்டியது முதலாளியின் டிரைவரோ வீட்டு மகனோ ஆனாலும், கோபத்துக்குப் பயந்து அவர் மறைக்கும்படி நாம் நடந்துகொள்ளக் கூடாது. அவர் அன்றே வந்து சொன்னால் ஒரு பொட்டலம் சோடாவோடு முடிகிற காரியம் அது.

விற்கும்போதும் அப்படியே. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா முதலான இடங்களில் ஏராளமான கார்கள் மூழ்கின. அத்தகைய வண்டியை மேலே மெருகிட்டு விற்றால், வாங்குகிறவன் பெரும்பாலும் நம்மைப் போலவே கடன்பட்டு வாங்குகிறவன். ஏர்பேக் விரியாமற்போகக்கூடிய வண்டியில் தன் பிள்ளைகளை ஏற்றுகிறவன். பழைய வண்டி வாங்குகிற நீங்களோ, பெயின்டைப் பார்ப்பதற்கு முன்பு விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கையின் போல்ட்டில் துருவும், கனெக்டரில் பச்சையும் கண்டால் விலை பேசாமல் திரும்புங்கள்.

இனி பேட்டரியையோ கேனையோ ஏற்றும்போது, நிமிர்த்தி, ஆழமான பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, டிக்கியில் கயிற்றால் கட்டுங்கள். கூடுமானால் கடைக்காரரையே வீட்டில் கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் எப்போதாவது ஏதேனும் கொட்டியிருந்தால், இன்று மாலையே விரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள்; ஈரம் இருந்தால் நாளைக்கென்று தள்ளிவைக்காதிருங்கள்.