ஒரம்பரை வரட்டும், காடு காடாகவே இருக்கட்டும்

விடுமுறை நாளில் காலை நேரம் சிங்காநல்லூர் குளத்தங்கரைக்குப் போனால் டவுன்காரர்கள் சிலரையாவது பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டி வந்து, கூழைக்கடாவையும் நாமக்கோழியையும் கை நீட்டிக் காட்டிக் கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த குளம் இது. வயல்கள் போய் வீடுகள் வந்துவிட்டன. 2017-ல் கோவை மாநகராட்சி இக்குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. நிலத்தை இழந்த ஊர், மிச்சமிருக்கும் பறவையையாவது காப்பாற்றப் பார்க்கிறது.

அதே பறவை நம் காட்டுக்கு வந்தால் கதை வேறு. நிலக்கடலை விதைத்த மறுநாளே மயில் கூட்டம் இறங்கிக் கிளறுகிறது. தக்காளி பழுக்கும் முன் கொத்திப் போடுகிறது. இரவில் காட்டுப்பன்றி சோளக்காட்டையும் மரவள்ளியையும் உழுதுவிட்டுப் போகிறது. பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். மயிலுக்கு அந்த வழியும் இல்லை. அது தேசியப் பறவை. 1972-ம் வருடச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பது. ஆத்திரத்தில் விஷம் வைத்துவிட்டு, மூன்றாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்கு ஆளாவது குடியானவனுக்கு அழகல்ல.

ஆக, மயிலுக்கும் முயலுக்கும் நாம் தீனி போடுகிறோம். அதைப் பார்த்து மகிழ்பவர் டவுனில் இருக்கிறார். இந்த இரண்டையும் இணைக்க முடியாதா என்பதே என் கேள்வி. தோட்டத்துச் சாளையில் ஓர் அறையை ஒழித்துச் சுத்தம் செய்து, ஒரு குடும்பத்துக்கு இரவு தங்க இடமும் காலையில் பலகாரமும் கொடுத்துக் கூலி வாங்குவதில் குற்றம் ஒன்றும் இல்லை. மகாராஷ்டிர அரசு 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. ஆனால் இதை எப்படிச் செய்வது என்பதில்தான் பிழைப்பும் இருக்கிறது, நாசமும் இருக்கிறது.

குடகில் ஒரு குடும்பம்

நமக்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், தென் குடகுப் பகுதியில் அனில் மல்ஹோத்ரா, பமீலா மல்ஹோத்ரா என்ற தம்பதியர் 1991-ல் 55 ஏக்கர் வாங்கினார்கள். விளைச்சல் கட்டுபடியாகாமல் கைவிடப்பட்ட நிலம் அது. அவர்கள் அங்கே புதுப் பயிர் எதுவும் வைக்கவில்லை. மரங்களை வளரவிட்டார்கள், வேட்டைக்காரர்களைத் தடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் விற்பனைக்கு வந்த நிலங்களையும் சேர்த்தார்கள். சுமார் 300 ஏக்கர் ஆயிற்று. யானை, புலி, மலபார் அணில் எல்லாம் வந்து போகும் இடமாக அது மாறியது. விருந்தினர் தங்கச் சில குடில்களும் வைத்திருந்தார்கள். 2017 மார்ச்சில் பமீலா அம்மையாருக்கு மத்திய அரசின் நாரி சக்தி விருது கிடைத்தது. அனில் 2021-ல் காலமானார்.

'அவர்கள் வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள், கையில் முதல் இருந்தது. மூன்று ஏக்கர்காரன் நிலத்தைச் சும்மா போட முடியுமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவர்களைப் போல நாம் செய்ய முடியாது. ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அங்கே காடு முதலில் வந்தது, குடில் பிறகு வந்தது. குடிலுக்காகக் காட்டை அழிக்கவில்லை.

சீகூரில் நடந்தது

இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. நீலகிரி மாவட்டத்தில் மசினகுடியை ஒட்டிய சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம். அங்கே தங்கும் விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. வேலிகள் யானையின் பாதையை மறித்தன. 2010-ல் தமிழக அரசு அப்பகுதியை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018-ல் உச்சநீதிமன்ற உத்தரவின்படி விடுதிகள் பூட்டி சீல் வைக்கப்பட்டன. 2020 அக்டோபர் 14-ல் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. எந்த யானையைக் காட்டி விருந்தாளியை அழைத்தார்களோ, அந்த யானைக்கே வழி இல்லாமல் போயிற்று. கடைசியில் விடுதிக்காரருக்கும் வழி இல்லை.

ஆகவே மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு செங்கல் வைக்கும் முன்பே வனத்துறையையும் ஊராட்சியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டிய பிறகு கேட்பது கன்று செத்த பிறகு மருந்து தேடுவதைப் போன்றது.

நம் கொரங்காடு போதும்

காங்கயம், தாராபுரம் பக்கத்துச் சகோதரர்களுக்கு நான் சொல்வது இதுதான். யானையும் புலியும் நமக்கு வேண்டாம். கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் கொரங்காடு நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன சொத்து. காங்கய மாடு அதில்தான் மேய்ந்து உருவாயிற்று. கவுதாரி, காடை, முயல், கீரி, உடும்பு எல்லாம் அந்த வேலியை நம்பித்தான் பிழைக்கின்றன. கிளுவையை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்த அன்றே கவுதாரிக்கு ஒதுங்க இடம் போய்விடும். நிலத்தை சைட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாட்டுக்கும் இடம் போய்விடும். ஓர் ஒரம்பரைக் குடும்பம் வந்து தங்குவதால் அந்த வேலி இன்னும் பத்து வருடம் நிற்குமானால், எனக்கு அதுவே பெரிய லாபம்.

கணக்கையும் ஒளிக்காமல் பார்ப்போம். மாதம் நான்கு இரவு ஆள் வந்து, இரவுக்கு 1,500 ரூபாய் வாங்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 ரூபாய் வரும். சாப்பாடு, துணி வெளுப்பு, மின்சாரம், ரிப்பேர் எல்லாம் போகப் பாதி நின்றால் அதிர்ஷ்டம். மயில் தின்ற கடலைக்கு அது ஈடாகலாம், பண்ணையத்துக்கு ஈடாகாது. எனவே இதை நம்பிக் கடன் வாங்கிக் கட்டடம் கட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். மழையில்லாத வருடம் ஒரம்பரையும் வரமாட்டார். வட்டி மட்டும் தவறாமல் வரும்.

மத்திய சுற்றுலாத் துறையின் இல்லத் தங்கல் திட்டம் ஒரு நல்ல வரம்பு வைத்திருக்கிறது. அறைகள் ஒன்று முதல் ஆறு வரை, படுக்கைகள் பன்னிரண்டுக்கு மேல் கூடாது, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். சிறு விவசாயிக்கு ஆறு அறைகூட அதிகம். ஒன்று போதும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வருபவரிடம் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். இரவில் ஒலிபெருக்கி கூடாது. பள்ளத்தோரம் தீ மூட்டக் கூடாது. மயிலைக் கிட்டத்தில் காட்டுவதற்காக அரிசி தூவி நாமும் பழக்கக் கூடாது. பழகிய மயில் பக்கத்துக் காட்டுக்காரர் வெள்ளாமையில்தான் போய் இறங்கும். நம் வருமானம் அவருக்கு நட்டமாகலாமா?

கடைசியாக, முக்கியமான ஒன்று. இந்த யோசனையை ஆண்பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்துவிடுகிறோம். விடியற்காலம் கட்டுத்தரை வேலையையும் முடித்துவிட்டு, வந்தவருக்குச் சந்தகை பிழிவதும், மத்தியானம் அரிசியும் பருப்புஞ் சோறு ஆக்குவதும், படுக்கை விரிப்பைத் துவைப்பதும் வீட்டுப் பெண்கள். அவர்கள் சம்மதிக்காவிட்டால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். சம்மதித்தால், அந்த வருமானம் அவர்கள் பேரில் பாங்குக் கணக்கில் சேரட்டும்.

விவசாயத்தை விட்டுவிட்டு விடுதி நடத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கலப்பை ஓயாத தோட்டத்தையும் பால் கறக்கும் கட்டுத்தரையையும் பார்க்கத்தான் டவுன்காரர் வருவார். அவை போய்விட்டால் அவர் ஹோட்டலிலேயே தங்கிக்கொள்வார். சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பறவை மிஞ்சியது, வயல் மிஞ்சவில்லை. நம் ஊரில் இரண்டும் மிஞ்ச வேண்டும்.